புகையா, கல்லா: தங்கை வீட்டு ஸ்டோர் ரூமுக்காகப் போட்ட கணக்கு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பர்கூர் பக்கம் என் தங்கை வீடு கட்டுகிறாள். அஸ்திவாரம் முடிந்து, பேஸ்மெண்ட்டில் மண் நிரப்பிய நிலையில் வேலை பத்து நாள் நின்றது. காரணம் பணமும் இல்லை, ஜல்லியும் இல்லை. ஓர் அறை.

2025 மே 7 அன்று நாடு முழுக்கப் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை நடத்தினார்கள். தமிழ்நாட்டில் சென்னையிலும் கல்பாக்கத்திலும் நடந்தது. அந்தச் செய்தியைப் பார்த்த நாளிலிருந்தே அவளுக்குள் ஒரு கேள்வி இருந்திருக்கிறது. சுவர் எழுப்பும் நேரம் வந்ததும் கேட்டுவிட்டாள்: "அண்ணா, நீதானே இன்ஜினியரு. எங்கேயாவது அணுகுண்டு விழுந்தா, இந்த வீட்ல எந்த ரூம்ல போய் உட்காரணும்? இப்பவே சொல்லு, அப்புறம் இடிச்சுக் கட்ட முடியாது."

நல்ல கேள்வி. வீடு கட்டும்போது கேட்டால் பதில் மலிவு, கட்டிய பின் கேட்டால் விலை அதிகம். ஆனால் கேட்டது அவள் ஒருத்தி, பதில் சொன்னவர்கள் நான்கு பேர். ராணுவத்தில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற அவள் மாமனார் புகைத்திரையைச் சொன்னார். மாப்பிள்ளை போனில் இரும்புப் பங்கர் ஒன்றைக் காட்டினார், பூமிக்குள் புதைத்துவிடலாமாம். அத்தை, "பின்னாடி இருக்கிற பழைய கல்லு வீடே போதாதா?" என்றார். தங்கைக்கு ஸ்டோர் ரூமையே கொஞ்சம் பலமாகக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பு. நான்கையும் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி கணக்குப் போட்டேன். வீடு கட்டும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் குண்டிலிருந்து என்னென்ன வருகிறது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இதைப் பிரிக்காததால்தான் எங்கள் வீட்டில் அவ்வளவு வாக்குவாதம். காற்றில் வெடிக்கும் சாதாரண அணுகுண்டின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி அதிர்வலையாகப் போகிறது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதாவது 35 சதவீதம், வெளிச்சமும் வெப்பமுமாகப் போகிறது. வெடித்த ஒரு நிமிடத்துக்குள் பாயும், உடம்பை ஊடுருவும் காமா கதிரும் நியூட்ரானும் 5 சதவீதம். மீதி 10 சதவீதம்தான் பின்னால் வரும் கதிரியக்கத் தூசியில் இருப்பது. ஒன்றைத் தடுப்பது இன்னொன்றைத் தடுக்காது. மாமா சொன்ன புகை ஒன்றுக்கான மருந்து, மாப்பிள்ளை சொன்ன பங்கர் வேறொன்றுக்கான மருந்து.

புகையை எடுத்துக்கொள்வோம். மாமா சொன்னதில் பொய் இல்லை. அடர்த்தியான வெள்ளைப் புகை, குண்டுக்கும் நமக்கும் நடுவில் நின்றால், நம் மேல் விழும் வெப்பக் கதிரைப் பத்தில் ஒன்றாகக்கூடக் குறைக்கும். தை மாதக் காலையில் ராயக்கோட்டை சாலையில் பனிமூட்டத்துக்குள் வண்டி ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். சூரியன் மேலே வந்திருக்கும், ஆனால் தோலில் சூடு தெரியாது. நுண்ணிய துளிகள் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடித்துவிடுகின்றன. அணுகுண்டின் வெப்பமும் வெளிச்சம்தான் என்பதால் அதையும் அப்படியே சிதறடிக்கும். ஹிரோஷிமாவில் பலருக்கு உடையின் கறுப்புக் கோலம் மட்டும் தோலில் தீக்காயமாகப் பதிந்தது. வெளிர் நிறத் துணி அந்த வெளிச்சத்தைத் திருப்பியது, கறுப்பு உறிஞ்சியது. ஒரு துணியின் நிறமே அவ்வளவு செய்யுமானால் புகை செய்யும் என்பதில் சந்தேகமில்லை.

புகை ஒரு ஊரைக் காப்பாற்றிய கதையும் உண்டு. 1945 ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது குண்டு விழ வேண்டிய இடம் ஜப்பானின் கொக்குரா. முந்தைய நாள் பக்கத்து யவாட்டாவில் குண்டு போட்டதால் எழுந்த புகையும் மேகமும் ஊரை மறைத்திருந்தன. விமானம் மூன்று முறை சுற்றியும் இலக்கு கண்ணில் படவில்லை. அங்கிருந்து நாகசாகிக்குப் போனது. கொக்குராவின் புகை நாகசாகியின் மரணமானது. இதை மாமாவிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவே இல்லை.

ஆனால் அந்தப் புகை அன்று செய்தது, கண்ணை மறைத்தது மட்டும்தான். இன்றைய ஏவுகணைக்குக் கண்ணால் பார்க்க வேண்டிய தேவை கிடையாது. வெப்பத்தைத் தடுக்க வேண்டுமானால், வெடிக்கும் முன்பே புகை அங்கே நின்றிருக்க வேண்டும். ஹிரோஷிமா அளவுக் குண்டின் வெப்பத்தில் பெரும்பகுதி ஓரிரு விநாடிக்குள் வந்து முடிந்துவிடும். எழுந்து தீப்பெட்டி தேடக்கூட நேரம் இருக்காது. இந்த மேட்டு நிலத்தில் காற்று ஓய்வது எப்போது? மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்குப் போடும் மூட்டமே ஐந்து நிமிடத்தில் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. ஓர் ஊரை மூடும் அளவுக்குப் புகை வேண்டுமானால் ராணுவம் வைத்திருப்பது போன்ற புகை இயந்திரங்கள் வரிசையாக ஓட வேண்டும். டயரைக் கொளுத்திச் செய்துவிடலாம் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். குண்டு வரும் முன்பே நுரையீரல் போய்விடும்.

இதெல்லாம் நடைமுறைச் சிக்கல்கள். அடிப்படைச் சிக்கல் வேறு. காமா கதிருக்குப் புகை இருப்பதே தெரியாது.

எனக்கு மிகவும் உதவிய கணக்கு இது. தூசியிலிருந்து வரும் காமா கதிரைப் பாதியாக்க எவ்வளவு கனம் வேண்டும்? இரும்பென்றால் 1.8 சென்டிமீட்டர். கான்கிரீட் என்றால் சுமார் 6, கெட்டித்த மண் சுமார் 9, தண்ணீர் சுமார் 12. ஒவ்வொன்றையும் சதுர மீட்டருக்கு எடை என்று மாற்றிப் பார்த்தேன். எல்லாமே 120 முதல் 150 கிலோவுக்குள் வந்து நின்றன. எந்தப் பொருள் என்பது பெரிதாகக் கணக்கில் இல்லை, எடைதான் கணக்கு. ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய மூன்று மூட்டை சிமெண்ட் எடையைக் குறுக்கே வைத்தால் கதிர் பாதியாகும். இன்னும் மூன்று மூட்டை வைத்தால் காலாகும். பத்து முறை அப்படி வைத்தால் ஆயிரத்தில் ஒன்றாகும். புகைத்திரை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் இருக்கும்? அதை எழுதிக் காட்டியதும் மாமாவே, "சரிப்பா, புகையை விடு" என்றார்.

அப்புறம் தூரம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர், ஓசூரிலிருந்து 40. நம் பகுதியில் யாராவது குறிவைத்தால் பெங்களூரைத்தான் வைப்பார்கள் என்பது என் அனுமானம். ஹிரோஷிமா குண்டு 15 கிலோ டன், அதாவது 15,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். அந்த அளவுக் குண்டுக்கு மோசமான தீக்காயம் இரண்டு கிலோமீட்டர் வரை, லேசான காயம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். உடனே பாயும் காமாவும் நியூட்ரானும் அதைவிடக் குறைந்த தூரத்திலேயே காற்றில் அடங்கிவிடும். பல மடங்கு பெரிய, ஒரு மெகா டன் குண்டென்றாலும் தெளிந்த நாளில் கடும் தீக்காயம் பன்னிரண்டு கிலோமீட்டர் வரைதான். ஓசூர்க்காரர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: அந்த வெளிச்சத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. இரவு நேரமானால் பல பத்து கிலோமீட்டருக்கு அப்பாலும் கண் சிறிது நேரம் இருண்டுவிடும். மற்றபடி தருமபுரி, கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் ஆகிய ஊர்களுக்கு வெப்பமும் அதிர்வலையும் முதல் கவலை இல்லை.

முதல் கவலை தூசி. குண்டு தரையைத் தொட்டு வெடித்தால் மண்ணையும் கட்டடத்தையும் உருக்கி மேலே இழுத்துப் போகும். அது குளிர்ந்து, மணல் போல, சாம்பல் போல, காற்று போகும் பக்கம் கொட்டும். 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த 15 மெகா டன் குண்டின் தூசி 150 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ரோங்கெலாப் தீவில் வெள்ளைப் பொடியாக விழுந்தது. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அந்த மக்களை அப்புறப்படுத்தினார்கள். தோல் வெந்து, முடி கொட்டியது. யாரும் சொல்லாததால் பிள்ளைகள் விளையாடிய அந்த இரண்டு நாள்தான் என் மனதை விட்டுப் போகவில்லை. வீட்டுக்குள் கனமான ஓர் அறை இருந்து, "உள்ளே போங்கள்" என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால்.

நம் ஊருக்குத் தூசி வருமா என்பது காற்றைப் பொறுத்தது. ஆடி மாதம் கீழ்க்காற்று மேற்கிலிருந்து வீசும், அதே நாளில் வானத்தின் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து வீசும். ஐப்பசியில் கீழ்க்காற்றும் திசை மாறிவிடும். பெங்களூருக்குத் தென்கிழக்கில் இருக்கும் நமக்கு, வராது என்று யாரும் உறுதி தர முடியாது. வந்தால் சில மணி நேரம் கழித்தே வரும். அந்தச் சில மணி நேரம்தான் நமக்குக் கிடைக்கும் பெரிய சலுகை.

இன்னொரு சலுகையும் உண்டு. தூசியின் வீரியம் வேகமாகக் குறையும். நேரம் ஏழு மடங்கானால் வீரியம் பத்தில் ஒன்றாகும். வெடித்து ஒரு மணி நேரத்தில் 1000 என்று வைத்தால், 7 மணி நேரத்தில் 100, இரண்டு நாளில் 10, இரண்டு வாரத்தில் 1. ஆகவே தங்கைக்கு வேண்டியது வருடக்கணக்கில் வாழும் குகை இல்லை. இரண்டு நாள் அசையாமல் உட்காரவும், அதன்பின் ஒன்றிரண்டு வாரம் பெரும்பாலும் அங்கேயே இருக்கவும் ஓர் அறை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் இரும்புப் பங்கர்: இரும்பு என்றதும் மயங்க வேண்டாம். 6 மில்லிமீட்டர் தகடு காமா கதிரில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் நிறுத்தும். அதைக் காப்பது மேலே போடும் மண். மூன்றடி மண் போட்டால் ஆயிரத்தில் ஒன்று, உண்மையிலேயே அருமையான காப்பு. நாகசாகியில் மலையைக் குடைந்த சுரங்கங்களுக்குள் சரியான இடத்தில் இருந்த சில நூறு பேர், குண்டுக்குப் பக்கத்திலேயே இருந்தும் பிழைத்தார்கள். ஹிரோஷிமாவில் குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழிருந்து 170 மீட்டரில், ஒரு கட்டடத்தின் நிலவறைக்குக் காகிதம் எடுக்கப் போன ஊழியர் பிழைத்தார், மேலே இருந்தவர்கள் பிழைக்கவில்லை. பூமிக்கு அடியில் போவதுதான் சிறந்தது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. சுவிட்சர்லாந்தில் 1963-லேயே சட்டம் போட்டு வீட்டுக்கு வீடு கட்டினார்கள்.

ஆனால் பர்கூரில் பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது? நாலடி தோண்டினால் பாறை. போர்வெல் போட்டவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். எட்டடி ஆழத்தில் அறை வேண்டுமானால் கம்ப்ரசர் வைத்து நாள்கணக்கில் உடைக்க வேண்டும். அந்தப் பணத்தில் மேலே இன்னொரு மாடி எழுப்பலாம். மழைக்காலத்தில் பாறை இடுக்கில் ஊறும் தண்ணீர் வேறு. தாழ்வான இடத்தில் ஆழமான செம்மண் இருக்கிறவர்கள் யோசிக்கலாம். தங்கை மனையில் வேண்டாம் என்று சொன்னேன். மாப்பிள்ளைக்கு முகம் வாடியது, பிறகு ஒப்புக்கொண்டார்.

நடுவில் மேஸ்திரி ஒரு யோசனை சொன்னார்: வற்றிய கிணறு இருக்கிறதே. வேண்டாம். சுற்றிலும் கல்லும் மண்ணும் இருப்பது சரி, ஆனால் வாய் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. தூசி நேராக உள்ளே விழும். பழைய கிணற்றின் அடியில் கெட்ட காற்று தேங்கி ஆள் மயங்கி விழுவதும் நடக்கிறது. எங்கள் பாட்டி ராகிக் குழியைத் திறந்தால் முதலில் விளக்கை இறக்கிப் பார்ப்பார், அணைந்தால் யாரையும் இறங்க விடமாட்டார்.

அத்தை சொன்ன கல் வீட்டில்தான் எனக்கு மிகவும் ஆசை இருந்தது. ஒன்றரை அடிக் கருங்கல் சுவர். கருங்கல் கான்கிரீட்டைவிட அடர்த்தி, ஐந்தரை சென்டிமீட்டருக்குள் கதிர் பாதியாகிவிடும். மண் சாந்தையும் இடுக்குகளையும் கழித்தாலும் அந்தச் சுவரைக் கடப்பதற்குள் ஏழு முறை பாதியாகும், நூறில் ஒன்றுக்கும் கீழே. மல்லச்சந்திரம் மலையில் நிற்கும் கற்திட்டைகளை, அந்தப் பழங்காலக் கல்லறைகளை, பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தக் கல்லை நம்பி நம் முன்னோர் என்னென்ன கட்டினார்கள் என்று. ஆனால் அந்தக் கற்திட்டைகளுக்கு மேலேயும் ஒரு பெரிய பலகைக் கல் உண்டு. அத்தை வீட்டுக்கு மேலே நாட்டு ஓடு. தூசி எங்கே விழும்? ஓட்டின் மேல். நம் தலைக்கு எட்டடி உயரத்தில் கதிர் வீசும் படுக்கை ஒன்றை விரித்த மாதிரி. சுவர் நூறில் ஒன்றாக்கியும் கூரை வழியாக முக்கால்வாசி இறங்கிவிடும். சிமெண்ட் ஷீட் வீடும் தகர ஷீட் வீடும் இன்னும் மோசம், சுவரும் லேசு, கூரையும் லேசு. அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்கள் கிடைக்கும் சில மணி நேரத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு மாடிக் கான்கிரீட் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு, பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ, போய்விடுவதே நல்லது.

சிலர் ஓட்டு வீட்டையோ சாதாரணத் தளத்தையோ வைத்துக்கொண்டு, "மேலே ஒரு அடி மண்ணைக் கொட்டிவிட்டால்?" என்று கேட்பார்கள். கேட்கத் தோன்றும். ஆனால் ஓர் அடி மண் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தொடும், நனைந்தால் இன்னும் கூடும். ஆள் ஏறி நடமாடும் சாதாரண வீட்டுத் தளத்தை நாங்கள் 150 கிலோ மேல்பாரத்துக்குத்தான் வடிவமைப்போம். கதிரிலிருந்து தப்பி இடிபாட்டில் சாக வேண்டாம். எடை வேண்டுமானால் அதைத் தாங்கும் தளத்தை முதலிலேயே போட வேண்டும்.

ஆக மிஞ்சியது தங்கையின் ஸ்டோர் ரூம். வீட்டின் நடுவில், நான்கு பக்கமும் வேறு அறைகள் சூழ, பத்துக்குப் பத்து. அதன் சுவரை மட்டும் ஒன்றரை அடி சைஸ் கல்லில், சிமெண்ட் கலவையில் கட்டுகிறோம். கல் இங்கே கிடைக்காததா? அதன் மேல் தளம் மற்ற இடத்தில் 12 சென்டிமீட்டர், இங்கே மட்டும் 25. கூடுதலாகச் செலவாவது இரண்டு கன மீட்டர் கான்கிரீட், அதற்கேற்ற கம்பி. கனம் கூடுவதால் கீழே அஸ்திவாரத்தையும் சரிபார்த்து, இரண்டு இடத்தில் அகலப்படுத்தினோம். 25 சென்டிமீட்டர் என்றால் நான்கு முறை பாதி. மேலே மாடியின் தளம் இன்னும் இரண்டு முறை. தட்டு ஓடும் அதன் அடியில் போடும் செங்கல் சுர்க்கியும் சேர்ந்து இன்னும் கொஞ்சம். மொத்தத்தில் நூறில் ஒன்று என்று சொல்லலாம்.

நூறில் ஒன்று என்றால் என்ன? இரண்டு நாளில் வெளியே 10 கிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு) வாங்கக்கூடிய இடம் என்று வைப்போம். 4 கிரே அளவு ஒரேயடியாக ஏறினால், வைத்தியம் இல்லாதவர்களில் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். ஷீட் வீட்டில் பாதி குறைந்தாலும் 5. ஸ்டோர் ரூமில் 0.1. மூன்றடி மண்ணுக்கு அடியில் இருந்தால் 0.01. கடைசி இரண்டுக்கும் நடுவில் பாறை உடைக்கும் செலவு முழுவதும் இருக்கிறது, உயிரைப் பொறுத்தவரை வித்தியாசம் சொற்பம். அதனால்தான் நிலவறையை விட்டுக் கொடுத்தேன்.

கதவு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். வாசல் நேராக ஹாலைப் பார்க்காமல், உள்ளே நுழைந்ததும் ஒரு குட்டைச் சுவரைச் சுற்றித் திரும்பும்படி வைத்திருக்கிறோம். கதிர் நேராக ஓடும், திருப்பத்தில் சிதறி ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். ஆனால் காற்று திரும்பி வரும். அறையைப் பிளாஸ்டிக் ஒட்டி மூடிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். கூடாது. ஐந்து பேர் சித்திரை வெயிலில் பத்துக்குப் பத்து அறைக்குள் அடைந்து கிடந்தால் கதிரைவிட வெக்கையும் மூச்சுத் திணறலும் முந்திக்கொள்ளும். தூசி மணல் மாதிரி விழுவது, வாயு மாதிரி நுழைவது இல்லை. மேலே ஒரு சிறிய ஜாலியும் கீழே கதவிடுக்கும் போதும்.

சுவரோரம் இரண்டு நீல டிரம், ஒவ்வொன்றும் 200 லிட்டர். குடிக்கத் தண்ணீரும் ஆச்சு, இரண்டடி தண்ணீர் ஏறக்குறைய ஐந்து முறை பாதியாக்கும் சுவரும் ஆச்சு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான், ஏனென்றால் ஏற்கெனவே கட்டி முடித்த எந்த வீட்டிலும் இதைச் செய்யலாம். மூடிய டப்பாவில் ராகி மாவு, வேர்க்கடலை, பேட்டரி ரேடியோ. வெளியிலிருந்து வருகிறவர் மேலாடையை வாசலிலேயே கழற்றிப் போட வேண்டும். உடம்பில் ஒட்டிய தூசியில் பெரும்பங்கு அதிலேயே போய்விடும்.

கூரைமேல் தோட்டத்துத் தெளிப்பு நீர்க் குழாயைப் பொருத்தி, உள்ளிருந்தபடியே மோட்டாரைப் போட்டுத் தூசியைக் கழுவிவிடலாம் என்று மாமா இப்போது புதிதாகச் சொல்கிறார். இதில் விஷயம் இருக்கிறது. தூசி கூரையை விட்டுத் தள்ளிப் போகப் போக உள்ளே கதிர் குறையும். கழுவிய தண்ணீர் சுவரோரம் தேங்காமல் வடிந்து போக வேண்டும், கரண்ட் இருக்க வேண்டும். கரண்ட் இருக்கும் என்று நம்பிக் கட்ட முடியாது. இருந்தால் நல்லது என்று குழாயை மட்டும் இழுத்து வைக்கிறோம்.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. மாமா காலையிலேயே வந்து கல் வரிசையின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு கல்லுக்கும் நடுவில் கலவை முழுதாக இறங்கியிருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.